எச்சில் குழாயா, பழைய ஏடா? அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த முன்னோரைத் தேடும் நான்கு வழிகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இப்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்வி வருகிறது. மருமகனோ மருமகளோ ஆப்பிரிக்க அமெரிக்கர். பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். நம் பக்கம் கொள்ளுத்தாத்தா பெயர், ஊர், குலதெய்வம் வரை சொல்லிவிடலாம். சம்பந்தி பக்கம் தாத்தாவின் தாத்தாவோடு கதை நின்றுவிடுகிறது. "ஒரு டிஎன்ஏ கிட் வாங்கினால் போதுமா, ஆவணங்களைத் தேட வேண்டுமா, இல்லை பணம் கொடுத்து ஆள் வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

அவசரக்காரர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தின் மூத்தவர் உயிரோடு இருக்கிறார், அவருக்குச் சம்மதம் என்றால் டிஎன்ஏ கிட்டை, அதாவது எச்சிலைக் குழாயில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பும் பெட்டியை, இப்போதே வாங்குங்கள். ஆனால் உங்கள் நேரத்தை ஆவணங்களில் போடுங்கள். ஆவணம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும், பெரியவர் இருப்பாரா தெரியாது. அதே சமயம், பெயர் தெரியாத முன்னோரின் பெயரை எந்த எச்சிலும் சொல்லாது.

## எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்?

விளம்பரங்கள் "உங்கள் வேர்களைக் கண்டறியுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசும். வேர் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

- அடிமைமுறை ஒழிந்த 1865-க்கு முன் வாழ்ந்த முன்னோரின் பெயர் என்ன? யாருடைய பிடியில், எந்தத் தோட்டத்தில் இருந்தார்?
- ஆப்பிரிக்காவில் எந்தப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள்?
- விற்பனையில் பிரிக்கப்பட்ட அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் வாரிசுகள் இன்று எங்கே இருக்கிறார்கள்?
- குடும்பத்தில் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் உண்டு என்று பாட்டி சொல்வாரே, அவர் யார்?

முதல் கேள்விக்குக் காகிதத்தில்தான் பதில். இரண்டாவதற்குப் பெரும்பாலும் டிஎன்ஏவில், அதுவும் மங்கலாக. மூன்றாவதற்கு டிஎன்ஏ பிரமாதம். நான்காவதற்கு இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும். உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் வழக்கமான அளவுகோல்கள்: பணம், நேரம், கிடைக்கும் பதில் எவ்வளவு உறுதி. நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: யாருடைய அந்தரங்கம் வெளியே போகிறது? உயிலைப் படிப்பதால் உயிரோடு இருப்பவர் யாருக்கும் ஒன்றும் ஆகாது. டிஎன்ஏ அப்படியில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்கள் தம்பி, அத்தை பிள்ளைகள், இன்னும் பிறக்காத பேரன் வரை எல்லோரைப் பற்றியும் கொஞ்சம் கொடுத்துவிடுகிறீர்கள்.

## முட்டி நிற்கும் இடம்: 1870

1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 39.5 லட்சம் பேர் அடிமைகள். 1850, 1860 இரண்டு கணக்கெடுப்புகளிலும் அவர்களுக்கென்று தனி அட்டவணை உண்டு. அதில் எஜமானின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் கறுப்பா கலப்பா என்று வரிவரியாக இருக்கும். மிகச் சில இடங்களைத் தவிர, அந்த வரிகளுக்குரிய மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. விடுதலையானவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லிப் பதிந்த முதல் கூட்டரசுக் கணக்கெடுப்பு 1870-ல் நடந்ததுதான். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை "1870 சுவர்" என்பார்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1860-ல் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர் ஏற்கெனவே சுதந்திரமானவர். அப்படிப்பட்ட முன்னோர் 1850, 1860 பொதுக் கணக்கெடுப்பிலேயே பெயரோடு இருப்பார். அதைப் பார்க்காமல் அடிமை அட்டவணையில் மாதக்கணக்கில் தேடுவது வீண் உழைப்பு.

## வழி ஒன்று: ஆவணங்களை நீங்களே தேடுவது

எப்படி நடக்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் கடைசிக் கணக்கெடுப்பு 1950. அங்கிருந்து 1940, 1930 என்று இறங்குங்கள். 1890 ஏடுகள் 1921 தீவிபத்துக்குப் பின் பெரும்பாலும் அழிந்துவிட்டன, ஆகவே 1900-லிருந்து 1880-க்கு ஒரே தாவாகத் தாவ வேண்டியிருக்கும். 1900 ஏட்டில் பிறந்த மாதமும் வருஷமும் இருக்கும். 1880 ஏட்டில் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்றும், பெற்றோர் எந்த மாநிலத்தில் பிறந்தவர்கள் என்றும் இருக்கும். ஃபேமிலிசர்ச் தளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம்.

சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் 1865-க்கும் 1870-க்கும் நடுவில் உள்ள காகிதங்களைத் தேட வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 முதல் 1872 வரை, விடுதலையானவர்களுக்கு உதவ இயங்கிய அரசு அலுவலகமான ஃப்ரீட்மென்ஸ் பீரோ, கூலி ஒப்பந்தம், ரேஷன், திருமணப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு என்று மலையாகக் காகிதம் விட்டுப் போயிருக்கிறது. 1867-ல் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்களை வாக்காளர்களாகப் பதிந்த பட்டியல்களும் உண்டு.

இவற்றில் எனக்கு மிகப் பிடித்தது விடுதலையானவர்களுக்காகத் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்கின் கணக்குப் பதிவுகள். 1865-ல் தொடங்கிய அந்த வங்கி 1874-ல் திவாலாகி ஏழைகளின் சேமிப்பை விழுங்கியது. ஆனால் கணக்கு தொடங்க வந்தவரை அடையாளம் காண அது கேட்ட கேள்விகள் இன்று பொக்கிஷம். பழைய எஜமான் யார், எந்தத் தோட்டம், அப்பா அம்மா பெயர், உடன்பிறந்தவர்கள் பெயர், விற்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள் என்றெல்லாம் சில பதிவுகளில் எழுதியிருக்கிறார்கள். சுமார் 4.8 லட்சம் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஒரு நல்ல பதிவு கிடைத்தால் ஒரே இரவில் இரண்டு தலைமுறை தாண்டிவிடலாம்.

அடுத்தது ராணுவ ஓய்வூதியக் கோப்பு. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கறுப்பினப் படைப்பிரிவுகளில் சுமார் 1.79 லட்சம் பேர் பணியாற்றினார்கள். வீரர் இறந்த பின் மனைவி ஓய்வூதியம் கேட்டால் திருமணத்தை நிரூபிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்துக்கோ சட்டத்தில் இடமே கிடையாது. ஆகவே அக்கம்பக்கத்தார், கூடவே அடிமையாக இருந்தவர்கள், சில சமயம் பழைய எஜமானே வந்து சாட்சி சொல்வார்கள். யார் நிலத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள், யார் மணம் முடித்து வைத்தார், எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று பக்கம் பக்கமாக இருக்கும். எழுதப் படிக்கக் கற்க விடாமல் தடுக்கப்பட்டவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்னது இப்படிக் கோப்புகளில்தான் தங்கியிருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பின் நகலுக்கு 80 டாலர் அளவில் ஆகும். முன்னோரில் ஒரு சிப்பாய் இருந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

சுவரைத் தாண்டுவது. 1865-க்கு முன் போக வேண்டுமென்றால் எஜமான் யாரென்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் ஆராய வேண்டியது உங்கள் குடும்பத்தை விட்டு அவன் குடும்பத்தை. பலருக்கு இது கசக்கும், ஆனால் வேறு வழியில்லை. சட்டப்படி முன்னோர் சொத்து. ஆகவே அவர்கள் பெயர் சொத்துப் பத்திரங்களில் இருக்கிறது: உயில், வாரிசுப் பங்கீடு, விற்பனைப் பத்திரம், அடமானம், மகளுக்குக் கொடுத்த சீர். எஜமான் இறந்ததும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கோர்ட்டுக்குக் கொடுக்கப்படும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் மாடு, கலப்பை, கட்டில் வரிசையில் மனிதர்களின் பெயரும் பக்கத்தில் டாலர் மதிப்பும் இருக்கும். எஜமான் வாழ்ந்த காலத்தில் பெயரில்லாமல் இருந்தவர்களுக்கு அவன் சாவில்தான் ஏட்டில் பெயர் வருகிறது.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது குடும்பப் பெயர். கடைசி எஜமானின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பது தவறு. முந்தைய எஜமானின் பெயராக இருக்கலாம், தகப்பன் வழியாக வந்ததாக இருக்கலாம், பிடித்துப்போய் அவர்களே தேர்ந்ததாகவும் இருக்கலாம். 1870 ஏட்டில் அதே பக்கத்திலும் அடுத்த பக்கங்களிலும் நிலம் வைத்திருக்கும் வெள்ளையர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய தோட்டத்துக்குப் பக்கத்திலேயே தங்கியவர்கள் நிறைய. இரண்டாவது பொறி, எஜமானின் மனைவியை விட்டுவிடுவது. அவள் பிறந்த வீட்டிலிருந்து சீராக வந்தவர்களின் பெயர் அவளுடைய அப்பாவின் உயிலில்தான் இருக்கும்.

எங்கே நன்றாக வேலை செய்யும், எங்கே செய்யாது. இடத்துக்கு இடம் வித்தியாசம் மலையளவு. லூயிசியானாவில் பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிக் காலப் பழக்கத்தால் அடிமை விற்பனைகள் நோட்டரி முன்னால் விரிவாகப் பதிவாயின. ஆப்பிரிக்காவில் எந்த இனத்தவர் என்றுகூடச் சிலவற்றில் உண்டு. வரலாற்றாசிரியர் க்வெண்டலின் மிட்லோ ஹால் அங்கிருந்து 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களைத் திரட்டி இணையத்தில் இலவசமாக விட்டார்.

1838-ல் மேரிலாண்ட் ஜேசுசபைப் பாதிரியார்கள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவுக்கு விற்றார்கள். அதில் கிடைத்த பணத்தின் ஒரு பகுதி அவர்கள் நடத்திய ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனுக்குப் போனது. அந்த 272 பேரின் வாரிசுகளை இன்று ஆயிரக்கணக்கில் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், விற்றவர்கள் குடும்பம் குடும்பமாகப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்ததும், கத்தோலிக்கர்களாக இருந்த அந்த மக்களின் ஞானஸ்நானமும் திருமணமும் தேவாலய ஏடுகளில் பதிவாகியிருந்ததும்.

ஜார்ஜியா உட்பகுதியில் மூன்றே மூன்று பேரை வைத்திருந்த சிறு விவசாயி, உயில் எழுதாமல் செத்தவன், கோர்ட் ஹவுஸும் போரில் எரிந்துபோனது என்றால் நிலைமை வேறு. அங்கே உங்கள் திறமையால் மட்டும் காரியம் ஆகாது.

இன்னொரு சிக்கல் உள்நாட்டு வியாபாரம். 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்தது. அதன்பின் வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கமிருந்து பருத்தி, கரும்பு விளையும் தெற்குக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் நகர்த்தப்பட்டார்கள். 1870-ல் அலபாமாவில் இருப்பவரின் பிறந்த இடம் வர்ஜீனியா என்றிருந்தால் அந்தக் கதைதான். கடலோரக் கப்பலில் போனவர்களுக்குச் சட்டப்படி பெயர், வயது, உயரம் எழுதிய பட்டியல் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் அவை நிறையக் கிடைக்கின்றன. சங்கிலியில் பிணைத்து நடத்திச் செல்லப்பட்டவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு. இலவசம் என்பது பாதி உண்மை. ஆன்செஸ்ட்ரி போன்ற தளங்களுக்கு மாதச் சந்தா, நகல் கட்டணம், கவுண்டி கோர்ட் ஹவுஸுக்கு நேரில் போய்வரும் செலவு எல்லாம் சேரும். எஜமான் குடும்பத்துக் கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் பல்கலைக்கழகக் காப்பகங்களில் இருக்கும். சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தென்மாநிலத் தொகுப்பு அப்படி ஒன்று. இதைவிடப் பெரிய செலவு மனசுக்கு. தன் ஐந்தாம் தலைமுறைப் பாட்டியின் பெயரும் விலையும் ஒரே வரியில் இருப்பதைப் பார்ப்பதற்கு யாரையும் முன்கூட்டித் தயார்படுத்த முடியாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடுபவர்கள், அந்தப் பக்கத்தை முதலில் தனியாகப் படித்துவிடுவது நல்லது.

## வழி இரண்டு: பொது டிஎன்ஏ சோதனை

இரு பெற்றோர் வழியிலிருந்தும் வந்த மரபணுவைப் பார்க்கும் அட்டோசோமல் சோதனை இது. ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ, மைஹெரிடேஜ் எல்லாம் இந்த வகை. பட்டியல் விலை 100 டாலர் பக்கம் இருந்தாலும் தள்ளுபடிக் காலத்தில் பாதிக்குக் கிடைக்கும்.

இரண்டு பொருள் கைக்கு வரும்: சதவீத வரைபடம், உறவினர் பட்டியல். எல்லோரும் முதலாவதைத்தான் வாட்ஸ்அப்பில் போடுவார்கள். பயன் இருப்பதோ இரண்டாவதில்.

வரைபடம் சொல்வது, இன்று வாழும் மக்களிடம் எடுத்த மாதிரிகளோடு உங்கள் மரபணு எந்த அளவு ஒத்துப்போகிறது என்பதை. மாதிரித் தொகுப்பு மாறினால் உங்கள் சதவீதமும் மாறும். நைஜீரியா என்று வரும். அந்த எல்லையையே பிரிட்டிஷார் 1914-ல்தான் சேர்த்து வரைந்தார்கள், உங்கள் முன்னோர் கப்பல் ஏறி அதற்குள் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சராசரியை வேண்டுமானால் நம்பலாம்: 23அண்ட்மீ தரவை வைத்து 2015-ல் வந்த ஆய்வின்படி ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபணுவில் சுமார் 73 சதவீதம் ஆப்பிரிக்க வழி, 24 சதவீதம் ஐரோப்பிய வழி, 1 சதவீதத்துக்கும் குறைவு அமெரிக்கப் பூர்வகுடி வழி.

(ஒரு சிறு விலகல். சிலருக்கு இந்தியத் துணைக்கண்டம் என்று ஒரு துளி வரும், உடனே நம்மவர்கள் குதூகலிப்பார்கள். பெரும்பாலும் அது கணக்கீட்டின் பிசிறு. ஆனால் அடியோடு தள்ளிவிடவும் முடியாது. 17, 18-ம் நூற்றாண்டு மேரிலாண்ட், வர்ஜீனியா ஆவணங்களில் "கிழக்கிந்தியர்" என்று குறிக்கப்பட்ட வேலையாட்களும் அடிமைகளும் உண்மையிலேயே இருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு கிழக்கிந்தியர் கிடைக்கும் வரை குதூகலத்தை ஒத்திப்போடுங்கள்.)

உறவினர் பட்டியலுக்கு வருவோம். பகிர்ந்துகொள்ளும் டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றோரின் உடன்பிறந்தார் பிள்ளை என்றால் சராசரியாக 870 அளவில் இருக்கும். அடுத்த சுற்றில் 230, அதற்கடுத்த சுற்றில் 75 என்று சட்டென்று கரையும். நான்காம் சுற்று உறவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பகிர்ந்த துண்டே இருக்காது. அடிமைக் காலத்தில் பிரிந்த கிளைகள் இன்றைய நடுவயதுக்காரருக்கு நான்காம், ஐந்தாம் சுற்று உறவு. அதாவது கருவியின் பார்வை எங்கே மங்குகிறதோ அங்கேதான் நமக்கு வேண்டியவர்கள் நிற்கிறார்கள்.

இதனால்தான் மூத்தவரின் எச்சில் முக்கியம். பாட்டியின் டிஎன்ஏவில் சுமார் கால் பங்குதான் பேத்திக்கு வருகிறது. பாட்டியைச் சோதித்தால் அந்த வழியில் இரண்டு தலைமுறை முன்னேறிப் போய் நின்று தேடுகிறீர்கள். பாட்டி இருக்கும்போது பேரப்பிள்ளைக்குக் கிட் வாங்குவது காசுக்கும் கேடு, காரியத்துக்கும் கேடு.

பட்டியலில் வரும் வெள்ளை உறவினர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த 24 சதவீதத்தில் பெரும்பங்கு அடிமைக் காலத்து வன்முறையிலிருந்து வந்தது. ஒரே கவுண்டியைச் சேர்ந்த ஒரே வெள்ளைத் தம்பதியின் வழியில் நான்கைந்து பேர் உங்கள் பட்டியலில் வந்தால், எந்தக் குடும்பத்தின் உயிலைத் தேட வேண்டும் என்பதற்கு அது வலுவான துப்பு. துப்பு மட்டும்தான். எஜமானா, அவன் தம்பியா, மகனா என்று அந்த எண்கள் சொல்லாது. தவிர, ஒரே வட்டாரத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மணம் செய்துகொண்ட இடங்களில் எண்கள் உப்பலாக வந்து, தூரத்து உறவை நெருங்கிய உறவாகக் காட்டும்.

டிஎன்ஏவின் பலமும் எல்லையும் ஒருசேரத் தெரிந்தது மேரிலாண்டின் கடாக்டின் ஃபர்னஸ் ஆய்வில். அங்கே இரும்பாலையில் உழைத்துப் புதைக்கப்பட்ட 27 ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்து 23அண்ட்மீ பயனர்களோடு ஒப்பிட்டு 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்புடையவர்கள் என்று கிடைத்தது 41,799 பேர். மிகப் பெரும்பாலோருக்கு அது தொலைதூர உறவு. அந்த 27 பேரின் பெயர்களை டிஎன்ஏ சொல்லவில்லை.

மறைந்திருக்கும் செலவு. 2023-ல் 23அண்ட்மீயில் சுமார் 69 லட்சம் பயனர்களின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பிறகு அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி தலைமையிலான லாபநோக்கற்ற அமைப்பு அதை வாங்கியது. கிட் வாங்கும்போது எச்சில் யாரிடம் போகிறது என்று தெரியும், பத்து வருஷம் கழித்து யாரிடம் இருக்கும் என்று தெரியாது. வேறு நிறுவனத்தில் எடுத்த டிஎன்ஏ முடிவை ஏற்றி உறவினரைத் தேடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களின் வழியாகத்தான் 2018-ல் கலிபோர்னியாவின் பழைய தொடர்கொலையாளி ஒருவன் பிடிபட்டான்; ஜெட்மேட்சில் காவல்துறைத் தேடலுக்குச் சம்மதம் கேட்கும் இடத்தில் என்ன குறியிடுகிறீர்கள் என்று கவனியுங்கள். 2008-ம் ஆண்டின் மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் பாதுகாப்புத் தருகிறது, ஆயுள் காப்பீட்டுக்குத் தருவதில்லை. கடைசியாக, யாரும் எதிர்பார்க்காத ஒரு சித்தப்பா பட்டியலில் முளைக்கலாம். பெரியவரிடம் குழாயை நீட்டும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

## வழி மூன்று: தாய்வழி, தந்தைவழித் தனிக்கோடு

மைட்டோகாண்ட்ரியா சோதனை அம்மாவின் அம்மாவின் அம்மா என்று ஒரே கோட்டில் போகும். ஒய் குரோமோசோம் அப்பாவின் அப்பா கோட்டில். ஆப்பிரிக்கன் ஆன்செஸ்ட்ரி என்ற வாஷிங்டன் நிறுவனம் 2003 முதல் இதை வைத்து "இன்ன நாடு, இன்ன இனக்குழு" என்று பெயர் சொல்லித் தருகிறது. ஒரு கோட்டுக்கு 300 டாலர் அளவில் ஆகும்.

நான் இதைப் பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பதில்லை. ஏழு தலைமுறை பின்னால் போனால் 128 முன்னோர். இந்தச் சோதனை அதில் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. அந்த ஒருவரைப் பற்றியும் உறுதியாகப் பேசுவது கடினம். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மைட்டோகாண்ட்ரியா வரிசைகளில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவையே ஒரே ஓர் ஆப்பிரிக்க இனக்குழுவோடு மட்டும் பொருந்தின. நிறைய வரிசைகள் பல இனங்களில் பரவிக் கிடந்தன. ஆண்கள் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும்: ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தந்தைவழிக் கோடு ஐரோப்பாவில் போய் முடிகிறது. ஆப்பிரிக்க ஊரைத் தேடி 300 டாலர் கொடுத்தவருக்கு அது என்ன மாதிரி முடிவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு இடங்களில் இதுதான் சரி. ஒன்று, குடியுரிமை. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தர பெனின் 2024-ல் சட்டம் கொண்டுவந்தது; டிஎன்ஏ முடிவையும் சான்றாக ஏற்கிறது. அந்த எண்ணம் இருந்தால், எந்தச் சோதனையை ஏற்பார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு தகப்பனைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் உண்டு என்ற பேச்சு 1802-லிருந்தே இருந்தது. 1998-ல் ஒய் குரோமோசோமைச் சோதித்தார்கள். ஜெஃபர்சனின் நேர் ஆண் வாரிசு இல்லாததால் அவருடைய பெரியப்பா சித்தப்பா வழியில் வந்த ஆண்களிடம் மாதிரி எடுத்தார்கள். சாலியின் மகன் எஸ்டன் ஹெமிங்ஸின் வழி பொருந்தியது. தாங்களும் அதே வழி என்று பல தலைமுறையாக நம்பிவந்த உட்சன் குடும்பத்தின் மாதிரி பொருந்தவில்லை. சரி, தகப்பன் ஒரு ஜெஃபர்சன். எந்த ஜெஃபர்சன்? அதை டிஎன்ஏ சொல்லவே முடியாது. ஒவ்வொரு குழந்தை உண்டான காலத்திலும் தாமஸ் ஜெஃபர்சன் தன் தோட்டமான மான்டிசெல்லோவில் இருந்தார் என்ற குறிப்புகள், அவருடைய பண்ணைக் கணக்குப் புத்தகம், சாலியின் இன்னொரு மகன் மேடிசன் 1873-ல் பத்திரிகைக்குச் சொன்ன வாக்குமூலம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை 2000-ல் அவரே தகப்பனாக இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்ற முடிவுக்கு வந்தது.

## வழி நான்கு: ஆள் வைப்பது

தொழில்முறை வம்சாவளி ஆய்வாளர்கள் மணிக்கு 50 டாலரிலிருந்து 150, அதற்கு மேலும் வாங்குகிறார்கள். தொடக்கத்திலிருந்தே ஒப்படைத்தால், நீங்களே இலவசமாகப் பார்க்கக்கூடிய 1950 ஏட்டைப் புரட்டவும் அந்தக் கட்டணம்தான். 1870 வரை நீங்கள் கொண்டுபோங்கள். அதன்பின் ஒரே கவுண்டி, ஒரே எஜமான் குடும்பம் என்று சின்ன வேலையாக வெட்டிக் கொடுங்கள். அந்த வட்டாரக் கோர்ட் ஹவுஸில் பழகியவரா, அடிமைக் கால ஆவணங்களில் அனுபவம் உண்டா என்று கேளுங்கள். ஐரிஷ் குடியேற்றத்தில் புலியாக இருப்பவர் இதற்கு உதவமாட்டார். எதுவும் கிடைக்காவிட்டாலும் எங்கெங்கே தேடினார் என்ற அறிக்கை தருவாரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஆவணங்கள் | பொது டிஎன்ஏ | தனிக்கோடு | ஆய்வாளர் |
|---|---|---|---|---|
| நன்றாகப் பதில் தரும் கேள்வி | பெயர், தோட்டம், எஜமான் | பிரிந்த கிளைகள், வெள்ளை முன்னோர் | ஒரு குறிப்பிட்ட தகப்பன் அல்லது தாய் வழி | கடினமான ஒரே முடிச்சு |
| பணம் | குறைவு, ஆனால் ஒழுகும் | கிட் 50–100 டாலர், மேலே சந்தா | கோட்டுக்கு 300 டாலர் அளவில் | நூறுகளில் தொடங்கி ஆயிரங்கள் |
| நேரம் | மாதங்கள், வருஷங்கள் | முடிவு சில வாரங்களில். அலசல் முடிவதே இல்லை | சில வாரங்கள் | பேசுவதைப் பொறுத்தது |
| உறுதி | கிடைத்தால் மிக அதிகம் | நெருங்கிய உறவில் அதிகம், தூரத்தில் துப்பு மட்டும் | கோடு உறுதி, இனக்குழுப் பெயர் ஐயம் | ஆவணத்தைப் பொறுத்தது |
| அந்தரங்கம் | ஆபத்து இல்லை | குடும்பம் முழுக்கப் பாதிக்கும் | ஓரளவு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |

## உங்கள் நிலைமைக்கு எது?

எண்பது தாண்டிய பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார், மற்றபடி எதுவும் தெரியாது என்றால் பொது டிஎன்ஏ, அவருடைய பெயரில். அதே நாளில் அவரிடம் தேவாலயம், கல்லறை, சொந்த ஊர்க் கவுண்டி, திருமணத்துக்கு முந்தைய பெண்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டுப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். குழாயில் கிடைப்பதைவிட அந்தப் பதிவில் அதிகம் கிடைக்கலாம். அவர் எச்சில் தர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். கறுப்பினத்தவரை ஏமாற்றி 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் நடத்திய சிஃபிலிஸ் ஆய்வு அந்தத் தலைமுறையின் நினைவில் இருக்கிறது.

குடும்பம் தெற்கு லூயிசியானா, கத்தோலிக்கர் என்றால் நேராக ஆவணம். டிஎன்ஏ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தத்துக் கொடுக்கப்பட்டவர், அல்லது அப்பா யாரென்றே தெரியாதவர் என்றால் ஆவணத்தைத் தொட முடியாது. பின்னோக்கிப் போக முதல் படியே இல்லை. டிஎன்ஏவில்தான் தொடங்க வேண்டும். பெரிய தரவுத்தளம் உள்ள நிறுவனமாகப் பாருங்கள், இப்போதைக்கு அது ஆன்செஸ்ட்ரி.

கோர்ட் ஹவுஸ் எரிந்த கவுண்டியில் மாட்டியவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் ஆக வேண்டும். உறவினர் பட்டியலில் ஒரே எஜமான் குடும்பத்தைச் சுட்டும் கொத்து கிடைக்கிறதா என்று பார்த்து, அந்தக் குடும்பத்தின் கிளைகள் பக்கத்துக் கவுண்டிகளில் விட்ட காகிதங்களைத் தேடுங்கள். உள்ளூர் ஆள் ஒருவரை நாலைந்து மணி நேரத்துக்கு வைப்பது இங்கே கொடுத்த காசுக்குப் பலன் தரும்.

ஆப்பிரிக்காவில் எந்த ஊர் என்பதுதான் ஒரே கேள்வி, வேறெதுவும் வேண்டாம் என்பவர்களிடம் ஒன்று சொல்வேன். வட அமெரிக்காவுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஸ்லேவ் வாயேஜஸ் என்ற அடிமைக் கப்பல் பயணத் தரவுத்தளத்தில் எந்தத் துறைமுகத்துக்கு எந்தக் கரையிலிருந்து எந்த வருஷம் வந்தார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். முன்னோர் தெற்கு கரோலினாவா வர்ஜீனியாவா என்று ஆவணத்தில் தெரிந்துவிட்டால், அந்தக் கப்பல்கள் பெரும்பாலும் எந்தக் கரையிலிருந்து வந்தன என்பது 300 டாலர் சான்றிதழுக்கு இணையான பதில்.

மொத்தமே 150 டாலர்தான் கையில் என்றால் இப்படிப் பிரியுங்கள்: தள்ளுபடியில் பெரியவருக்கு ஒரு கிட், மீதியில் சில மாதச் சந்தா அல்லது ஓர் ஓய்வூதியக் கோப்பு. நன்றி தெரிவிக்கும் நாளையொட்டி நவம்பர் கடைசியில் கிட் விலை இறங்குவது வழக்கம், அந்த வாரம்தான் குடும்பமும் கூடும். அதற்கு முன் 1950-லிருந்து 1900 வரை உள்ள ஏடுகளைப் பார்த்து முடித்துவிட்டால், விருந்துக்கு வரும் பெரியவர்களிடம் "அந்த வீட்டில் இருந்த எட்டு வயதுப் பெண் யார்?" என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.